க்னைஃப்–கிப் படங்களில் இருக்கும் ஆங்கிலத் தோட்டங்கள்: எவ்வளவு நம்பலாம்?

ஊர்சுற்றி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 1707-இல் லண்டனில் வெளியான ‘பிரிட்டானியா இல்லஸ்ட்ராட்டா’ தொகுப்பை இணையத்தில் ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 80 செப்புத்தகட்டுப் படங்கள். வரைந்தவர் லெனார்ட் க்னைஃப், தகட்டில் செதுக்கியவர் யோஹான்னஸ் கிப். இருவருமே ஹாலந்தில் பிறந்து லண்டனில் பிழைப்புத் தேடியவர்கள். ராணியின் அரண்மனைகள் சில, மற்றவை பிரபுக்களும் பெரிய நிலக்காரர்களும் வாழ்ந்த கிராமப்புற மாளிகைகள்.

எல்லாமே பருந்துப் பார்வை. வீட்டின் கூரை, பின்கட்டு, குதிரை லாயம், மதில் போட்ட காய்கறித் தோட்டம், நீர்த்தொட்டி, அதற்கப்பால் அடிவானம்வரை நேர்கோட்டில் மரவரிசைகள். மனிதன் முதன்முதலில் பலூனில் ஏறிப் பறந்ததே 1783-இல்தான். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னால், மேலே போய்ப் பார்க்கவே வழியில்லாத ஒருவர் இதை எப்படி வரைந்தார்? பணம் கொடுத்த பிரபுவின் மனம் குளிர வரைந்ததா, அல்லது அந்தத் தோட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செப்புத்தாள் எழுதியது:

ஊர்சுற்றி, இரண்டுமே உண்டு. படத்தின் எந்த மூலையில் எது இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

முதலில் வரைந்த விதம். நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து தரைப்படம் தயாரிக்கும் கலை அன்றைக்கே நன்றாக வளர்ந்திருந்தது. அந்தத் தரைப்படத்தை எடுத்து, உயரமான ஓர் இடத்தில் கண் இருப்பதாக வைத்துக்கொண்டு, தூரம் போகப் போகச் சிறிதாகத் தெரியும் பெர்ஸ்பெக்டிவ் விதிப்படி சாய்த்துப் போடுவார்கள். வீட்டின் முகப்பை நேரில் நின்று தனியாக வரைந்து, சாய்த்த தரையின் மேல் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆக, பார்க்கும் இடம் கற்பனை, அடியில் இருக்கும் அளவு பெரும்பாலும் உண்மை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

இதற்கு மண்ணே சாட்சி சொன்ன கதை ஒன்று உண்டு. டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் மாளிகையின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெவன்ஷயரின் முதல் டியூக் அதைப் புதுப்பித்துக் கட்டிக்கொண்டிருந்த காலத்துப் படம் அது. வீட்டைச் சுற்றி, தாழ்வான செடிவேலிகளும் சரளைக்கல் பாதைகளும் கோலம் போட்டதுபோல் வளைந்து வளைந்து போகும் பாத்திகள். இவற்றைப் ‘பார்ட்டேர்’ என்பார்கள். 1699-இல் போடப்பட்ட பெரிய பார்ட்டேர் ஒன்று 1730-களில் புல்லுக்கு அடியில் போய்விட்டது. அதற்கப்புறம் அங்கே வெறும் புல்வெளிதான்.

2018 கோடையில் இங்கிலாந்து முழுக்கக் கடும் வெயில், மழையே இல்லை. ஜூலையில் அந்தப் புல்வெளி காய்ந்தபோது, பழைய பார்ட்டேரின் பாதைகளும் பாத்திகளும் கோடு கோடாகப் புல்லிலேயே எழுந்து நின்றன. பழைய சரளைப் பாதைக்கு மேலே மண் மெல்லிசாகத்தான் இருக்கும். ஈரம் தங்காது, அங்கிருக்கும் புல் முதலில் பழுத்துவிடும். பாத்தி இருந்த இடத்தில் மண் ஆழம் என்பதால் பச்சை கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். செய்தித்தாள்களில் வந்த வான்வழிப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். சுமார் 300 ஆண்டுகளுக்கு முந்தைய தோட்ட வரைபடத்தைப் புல் தன் நிறத்தாலேயே திருப்பிப் போட்டுக் காட்டியது. பழைய அச்சுப்படங்களை ‘வெறும் அலங்காரம்’ என்று ஒதுக்குகிறவர்கள் அந்தப் புகைப்படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

மேட்டுநிலம் எழுதியது:

சாட்ஸ்வொர்த் விஷயம் அருமை ஐயா. ஆனால் எல்லாப் படங்களுக்கும் அதை நீட்ட முடியாதே. கட்டடக் கலைஞர் கோலன் கேம்பெல் 1715-இல் தொடங்கி வெளியிட்ட ‘விட்ருவியஸ் பிரிட்டானிக்கஸ்’ தொகுப்புகளைப் பாருங்கள். கட்டி முடித்த வீடுகளுக்கு நடுவே, தான் கட்ட ஆசைப்பட்ட வீடுகளையும் அதே கம்பீரத்தோடு அச்சிட்டிருக்கிறார். எஸெக்ஸில் இருந்த வான்ஸ்டெட் மாளிகைக்கு அவர் வெளியிட்ட வடிவமைப்புகளில் ஒன்றில் இரண்டு பக்கமும் கோபுரங்கள் இருக்கும். அந்தக் கோபுரங்கள் கட்டப்படவே இல்லை. வீட்டையும் 1820-களில் கடனுக்காக இடித்துக் கல் கல்லாக விற்றுவிட்டார்கள். இன்றைக்கு அந்தப் படத்தை மட்டும் பார்க்கிறவர், கோபுரமும் சேர்ந்துதான் இடிந்தது என்று நினைத்துக்கொள்வார்.

க்னைஃபின் மரவரிசைகள் விஷயத்திலும் எனக்குச் சந்தேகம்தான். பேட்மின்டன் மாளிகையிலிருந்து நாலாபுறமும் சக்கரக் கம்பிகள் மாதிரி மரச்சாலைகள் மைல் கணக்கில் ஓடுகின்றன. பக்கத்து நிலக்காரன் சும்மா இருப்பானா?

செப்புத்தாள் எழுதியது:

மேட்டுநிலம், கேம்பெல் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கட்டடக் கலைஞர் தானே போடும் தொகுப்புக்கும், வந்து பார்த்து வரையும் நிலக்காட்சி ஓவியரின் தொகுப்புக்கும் நோக்கமே வேறு. முன்னவருக்கு அது அடுத்த வேலையைப் பிடிப்பதற்கான வழி.

பேட்மின்டன் விஷயம் வேறு மாதிரி. அந்தக் காலத்தவரான ரோஜர் நார்த் என்பவர், போஃபர்ட் டியூக்கின் பேட்மின்டனைப் பார்த்துவிட்டு எழுதிவைத்திருக்கிறார்: டியூக்கின் காட்சிக்கோடு தடைபடாமல் இருக்க, அக்கம்பக்கத்துக் கனவான்கள் தங்கள் மரங்களையும் வேலிகளையும் வெட்டிவிட்டார்கள், சிலர் ஒரு படி மேலே போய், தங்கள் குன்றுகளில் அந்தக் கோட்டுக்கு நேராக மரமும் நட்டுக்கொடுத்தார்கள். பெரிய இடத்தோடு நல்ல பெயர் வாங்கத்தான். ஆக, மிகைபோலத் தெரிகிற நீளமே இங்கே உண்மை. ஒருவருடைய அதிகாரம் எத்தனை தூரம் செல்லுபடியாகும் என்பதைத்தான் அந்த மரவரிசைகள் காட்டுகின்றன.

நான் சந்தேகப்படுவது மரங்களின் வயதை. க்னைஃபின் மரங்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே உருண்டை. நட்டு நாலு வருடம் ஆன கன்றும் நாற்பது வருட மரமும் அவர் படத்தில் ஒன்றுதான். மரம் எங்கே நின்றது என்பதற்கு அவரை நம்பலாம், எவ்வளவு பெரிதாக நின்றது என்பதற்கு நம்ப முடியாது.

பிரிஸ்டல் மலர் எழுதியது:

நான் இருக்கும் இடத்திலிருந்து க்ளோஸ்டர்ஷயர் பக்கம்தான். இங்கே ஒரு படத்தை வைத்தே தோட்டத்தை மீட்டிருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிப் தனியாகவும் நிறைய வேலை செய்தார். சர் ராபர்ட் அட்கின்ஸ் 1712-இல் க்ளோஸ்டர்ஷயர் வரலாறு ஒன்று வெளியிட்டார். அதில் அந்த மாவட்டத்து மாளிகைகளைக் கிப் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார். அவற்றில் ஒன்று செவர்ன் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட்பரி கோர்ட். மேனார்ட் கோல்செஸ்டர் என்பவர் 1696-லிருந்து பத்து வருட அளவில் உருவாக்கிய நீர்த்தோட்டம். நீண்டு நேராகப் போகும் வாய்க்கால், அதன் தலைமாட்டில் உயரமான ஒரு மண்டபம், ஓரங்களில் கத்தரித்த யூ மரமும் ஹாலி மரமும். ஹாலந்து பாணி.

நாடு முழுக்க இந்த மாதிரித் தோட்டங்களைப் பிற்காலத்தில் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். வெஸ்ட்பரியில் வீடுதான் போனது. தோட்டம் கவனிப்பாரற்றுத் தூர்ந்து கிடந்தது, மண்டபமும் சிதைந்துவிட்டது. பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1967-இல் எடுத்துக்கொண்டபோது அவர்கள் கையில் இரண்டு ஆதாரங்கள் இருந்தன. ஒன்று கிப்பின் படம். இன்னொன்று கோல்செஸ்டரின் கணக்குப் புத்தகம். என்ன செடி, எத்தனை, என்ன விலை என்று அவர் எழுதிவைத்த கணக்கு அப்படியே பிழைத்திருந்தது. படம் இடத்தைச் சொன்னது, கணக்கு செடியைச் சொன்னது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் வாய்க்காலைத் தூர் வாரி, மண்டபத்தை எழுப்பி, மரங்களை நட்டார்கள்.

இன்றைக்கு அந்த மண்டபத்தின் மாடியில் நின்று வாய்க்காலைப் பார்த்தால், கிப்பின் பருந்துப் பார்வைக்கு எவ்வளவு கிட்டத்தில் வர முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் நிற்கிறோம். படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஓரமாக நிற்கும் மரங்களின் வரிசை வரைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிர் டிரம் பார்க். அதே 1712 நூலில் வருகிற படம்தான். வில்லியம் பிளாத்வெயிட்டின் வீடு. குன்றின் உச்சியில் நெப்டியூன் சிலை, அதன் காலடியிலிருந்து படிப்படியாக இறங்கும் அருவி, கீழே நீண்ட வாய்க்கால். அந்த அருவிக்கு 224 படிகள் என்று 1718-இல் ஸ்டீபன் ஸ்விட்சர் எழுதியிருக்கிறார். இன்றைக்குப் போனால் புல் மேடுதான். ஆனால் நெப்டியூன் மட்டும் அதே மேட்டில் நிற்கிறார்! தண்ணீர் போய், படி போய், வாய்க்கால் போய், சிலை மட்டும் மிச்சம். கிப்பின் படம் இல்லையென்றால், ஆடு மேயும் மேட்டில் கடல் தெய்வத்துக்கு என்ன வேலை என்றே யாருக்கும் புரிந்திருக்காது.

மேட்டுநிலம் எழுதியது:

மலர் அக்கா, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். டிரம் பெயர் வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். பிளாத்வெயிட் யார்? மூன்றாம் வில்லியம் மன்னரின் போர்ச் செயலர். அதோடு அமெரிக்கா, கரீபியன் காலனிகளிலிருந்து அரசுக்கு வர வேண்டிய வருவாய்க்குக் கணக்குத் தணிக்கையாளர். சர்க்கரை, புகையிலை, அவற்றை விளைவித்த அடிமைகளின் உழைப்பு, எல்லாவற்றின் கணக்கும் அவர் மேசை வழியாகத்தான் போனது. யார்க்ஷயரில் உள்ள ஹேர்வுட் மாளிகையைக் கட்டிய லாசெல்ஸ் குடும்பத்தின் பணமும் கரீபியன் சர்க்கரை வியாபாரத்தில் வந்ததுதான்.

படத்தில் இது எதுவும் இருக்காது. இதைச் சொல்வதால் படத்தை வெறுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படத்தின் ஓரத்தில் குடும்பச் சின்னமும் பட்டப்பெயரும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும், இந்தக் குடும்பத்துக்கு வருமானம் எங்கிருந்து என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு மேலே போவது நல்ல பழக்கம்.

ஊர்சுற்றி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். 1750-க்குப் பிறகு வந்த படங்களில் இந்தப் பருந்துப் பார்வையே அநேகமாகக் காணோம். ஏரி, அங்கங்கே மரக்கூட்டம், தூரத்தில் சின்னதாக வீடு, முன்னால் இரண்டு மாடு. ஏன் இந்த மாற்றம்? ஓவியர்களின் ரசனை மாறியதா?

செப்புத்தாள் எழுதியது:

தோட்டம் மாறியது, அதனால் படம் மாறியது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேர்கோட்டுத் தோட்டத்தின் அழகு மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். அதனால்தான் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும்படி அமைத்தார்கள், படமும் மேலிருந்து போட்டார்கள். 1720-களிலிருந்து சார்ல்ஸ் பிரிஜ்மேன், அப்புறம் வில்லியம் கென்ட், அவர்களுக்குப் பிறகு ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று வரிசையாக வந்த தோட்டக் கலைஞர்கள் கோடுகளைக் கலைத்துக்கொண்டே போனார்கள். தோட்டத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே இருந்த மதிலை எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பள்ளச்சுவர் போட்டார்கள். ‘ஹா-ஹா’ என்று பெயர். ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறுபக்கம் சரிவு. வீட்டிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையில்லாமல் மாடு மேயும் இடம்வரை போவதாகத் தெரியும், ஆனால் மாடு இந்தப் பக்கம் வர முடியாது. நீங்கள் கேட்ட அந்த இரண்டு மாடும் படத்துக்குள் வந்தது இந்தப் பள்ளச்சுவரின் தயவால்தான்.

இப்படிப்பட்ட தோட்டத்தை மேலிருந்து வரைந்தால் ஒரு காடும் ஒரு குட்டையும்தான் மிஞ்சும். நடந்து போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காட்சி திறப்பதுதான் அதன் உயிர். ஆகவே ஓவியரும் தரைக்கு இறங்கி வர வேண்டியதாயிற்று.

அந்த இறக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டோ படங்களைத் தேடுங்கள். பக்கிங்ஹாம்ஷயரில் காப்ஹம் பிரபுவின் தோட்டம் அது. 1733-இல் பிரிஜ்மேன், ழாக் ரிகோ என்ற பிரெஞ்சு ஓவியரை வரவழைத்தார். ரிகோ 15 காட்சிகள் வரைந்தார். படங்கள் வெளிவருமுன்பே 1738-இல் பிரிஜ்மேன் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு அவர் மனைவி சேரா, கணவர் தொடங்கியதை முடித்து வெளியிட்டார். தோட்டக் கலைஞரின் பெயரை நிலைக்கச் செய்தது அந்தப் பெண்மணியின் பிடிவாதம் என்றே சொல்வேன். பிரிஜ்மேன் ஸ்டோவில் செய்ததில் பெரும்பகுதியைப் பின்னால் வந்தவர்கள் மாற்றிவிட்டார்கள். அவர் காலத்து ஸ்டோ எப்படி இருந்தது என்று இன்று நாம் பேசுவதற்கு அந்த 15 தாள்கள்தான் முதல் ஆதாரம்.

ரிகோவின் படங்களில் கண் மனித உயரத்துக்கு வந்துவிட்டது. முன்னால் விசிறியோடு பெண்கள், வாள் செருகிய கனவான்கள், நாய்கள். பிரவுன் தலைமைத் தோட்டக்காரராக ஸ்டோவுக்கு வந்தது 1741-இல், இந்தப் படங்கள் வெளியான பிறகு. அந்த நூற்றாண்டின் கடைசியில் ஹம்ஃப்ரி ரெப்டன் வந்து இன்னொரு படி போனார். தோட்டத்தின் இன்றைய நிலையை ஒரு மடிப்புத் தாளில் வரைந்து ஒட்டுவார். அந்த மடிப்பைத் தூக்கினால் கீழே மாற்றிய பிறகு எப்படி இருக்கும் என்ற படம். வாடிக்கையாளருக்காகச் சிவப்புத் தோல் அட்டை போட்டுக் கையால் தயாரித்த புத்தகங்களில் இதைச் செய்தார். 1795-இல் அச்சு நூலாகப் போட்டபோதும் மடிப்பை விடவில்லை. ரெப்டனின் படங்களை எடுத்தால் முதலில் கேட்க வேண்டியது, இது இருந்ததா, வரப்போவதா என்பதுதான். வரைந்ததில் நிறைய நடக்கவே இல்லை.

பிரிஸ்டல் மலர் எழுதியது:

இந்தப் படங்கள் தாளோடு நின்றுவிடவும் இல்லை. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்காக வெட்ஜ்வுட் நிறுவனம் 1773–74-இல் செய்த விருந்துப் பாத்திரத் தொகுதியில் 952 உருப்படிகள், அவற்றின் மேல் 1,222 பிரிட்டிஷ் காட்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் தவளைச் சின்னம் வேறு. அந்தப் பாத்திரங்கள் போய்ச் சேரவிருந்த கேத்தரினின் அரண்மனை, தவளைகள் நிறைந்த சதுப்பு நிலத்தில் இருந்ததுதான் காரணம். அத்தனை காட்சிக்கும் நேரில் போய் வரைய நேரம் ஏது? பெரும்பகுதி அச்சுப்படங்களைப் பார்த்து நகலெடுத்ததுதான். இப்போது அவை ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கரையோரம் எழுதியது:

நம் பக்கத்தோடு இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா? மதராஸில் சம்பாதித்துக்கொண்டு போய் அங்கே வீடு கட்டியவர்கள் நிறைய என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மேட்டுநிலம் எழுதியது:

இருக்கிறது தம்பி. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வுட்ஹால் பார்க். இந்த இழைக்கு இரண்டு வகையில் பொருத்தமான வீடு.

கட்டியவர் சர் தாமஸ் ரம்போல்ட். 1778 முதல் 1780 வரை மதராஸ் கவர்னர். வீட்டு வேலை தொடங்கியது 1777-இல், அதாவது அவர் கவர்னர் ஆகுமுன்பே. அதற்கு முன் பாட்னாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தபோதே பெரும்பணம் சேர்த்துவிட்டார். ஆகவே எல்லாம் மதராஸ் பணம் என்று சொன்னால் தவறு. மதராஸ் பதவிக்காலத்துக்காக அவர்மேல் நாடாளுமன்றத்தில் நடவடிக்கை வந்து, கடைசியில் கைவிடப்பட்டது. அவர் இறந்த பிறகு வீட்டை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனுக்குத் தஞ்சாவூர் விளைச்சல் வருவாயைத் தனக்கு எழுதித்தந்ததாக உரிமை கோரியவர். அந்தத் தகராறு முற்றித்தான் 1776-இல் கவர்னர் பிகட்டையே அவருடைய கவுன்சில் ஆட்கள் கைது செய்தார்கள். நவாபின் கடன்கள் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் நாடாளுமன்றத்தில் பேசியபோது குறிவைத்ததும் பென்ஃபீல்டைத்தான். தஞ்சாவூர்க்காரனான எனக்கு, காவிரிப் பாசன நெல்லைக் குறிவைத்த ஒருவர் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பூங்கா வாங்கிய இந்தக் கதையைச் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

இரண்டாவது பொருத்தம் வீட்டுக்குள்ளே. ரம்போல்ட் காலத்தில், 1782-இல், ஓர் அறையின் சுவர் முழுக்க அச்சுப்படங்களை வெட்டி ஒட்டினார்கள். சுமார் 350 படங்கள். ஒவ்வொன்றுக்கும் காகிதத்திலேயே சட்டம், முடிச்சு, சங்கிலி. ‘பிரின்ட் ரூம்’ என்று அப்போது பெரிய நாகரிகம் அது. அந்த அறை இன்றும் இருக்கிறது.

கரையோரம் எழுதியது:

நன்றி அண்ணா. இது எனக்குச் சுத்தமாகத் தெரியாத செய்தி. கடைசியாக ஒன்று: இணையக் கடைகளில் ‘பழைய ஆங்கில மாளிகைச் செதுக்கோவியம்’ என்று வண்ணப்படங்கள் நிறைய வருகின்றன. வாங்கலாமா?

செப்புத்தாள் எழுதியது:

எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். அப்படி அடிக்கடி கண்ணில் படும் வண்ணப்படங்களில் பல, எஃப். ஓ. மாரிஸ் பாதிரியார் 1860-களிலிருந்து 1880 வரை வெளியிட்ட ஆறு பாகத் தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்தவை. அழகானவை. யார்க்ஷயரின் டிரிஃபீல்ட் ஊரில் பெஞ்சமின் ஃபாசெட் அச்சிட்டார். ஆனால் அவை மரக்கட்டையில் செதுக்கி வண்ணம் அச்சிட்டவை, செப்புத்தகட்டுப் படங்கள் இல்லை. செப்புத்தகட்டு விலைக்கு அவற்றை வாங்க வேண்டாம்.

செப்புத்தகட்டு என்றால், உருளை அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு தாளில் பதிந்து, படத்தைச் சுற்றி லேசான பள்ளமாக ஒரு செவ்வகம் இருக்கும். விரலால் தடவினால் தெரியும். சிலர் ஓரத்தை வெட்டியிருப்பார்கள், அப்போது அது இருக்காது. கோடுகளில் மை சற்றே மேடாக நிற்கும். கிப் காலத்துத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நெருக்கமாக ஓடும் வரிகளும் அவற்றின் குறுக்கே இடைவெளி விட்டு ஓடும் வரிகளும் தெரியும். கிப்பின் பெரிய படங்கள் இரண்டு பக்க அகலத்துக்கு அச்சானவை, ஆகவே நடுவில் மடிப்பு இருப்பது குறையல்ல. மடிப்பே இல்லாத ‘அசல்’ என்றால்தான் இரண்டு கேள்வி கேளுங்கள். வண்ணம் பூசியிருந்தால் பெரும்பாலும் பிற்காலத்தில் யாரோ பூசியது, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

படிக்க மட்டும்தான் வேண்டுமென்றால் காசே செலவழிக்க வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியம் தளத்திலும், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தின் தளத்திலும் பெரிதாக்கிப் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். அந்த யேல் பெயரும் நம் புனித ஜார்ஜ் கோட்டையின் முன்னாள் கவர்னருடையதுதான். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் சேர்த்த நிலக்காட்சித் தொகுப்பை பிரிட்டிஷ் நூலகம் ஃப்ளிக்கரில் ஏற்றியிருக்கிறது.

ஊர்சுற்றி எழுதியது:

டிரம் படத்தை இறக்கிவிட்டேன். இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, நெப்டியூன் நிற்கும் இடத்திலிருந்து அருவியின் கோட்டை இழுத்துப் பார்க்கப்போகிறேன். மேட்டில் ஏதாவது தடம் தெரிந்தால் இங்கேயே போடுகிறேன். மலர், அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் சிலையின் காலடியிலிருந்து கீழ்நோக்கி ஒரு புகைப்படம் கிடைக்குமா?